எக்கோ நார்மல்தான், ஆனால் அந்த மயக்கம்?

கேள்வி: வயது 34. மூன்று மாதமாகப் படபடப்பு. நடுநடுவே ஒரு துடிப்பு விட்டுப்போகிற மாதிரி இருக்கிறது. ஈசிஜி, எக்கோ இரண்டும் நார்மல். நெட்டில் படித்துப் பயந்து, மெடிக்கலில் ப்ரொப்ரனலால் என்ற, துடிப்பைக் குறைக்கும் மாத்திரையை வாங்கி மூன்று நாள் போட்டேன். போன மாதம் பஸ்ஸைப் பிடிக்க ஓடியபோது சட்டென்று மயங்கி விழுந்தேன். காலையில் சாப்பிடாததால் இருக்கும். சித்தப்பா 38 வயதில் தூக்கத்திலேயே போய்விட்டார். இதய எம்ஆர்ஐ எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்: துடிப்பு எதுவும் விட்டுப்போகவில்லை. ஒன்று முந்திக்கொண்டு வருகிறது, சின்ன இடைவெளி விழுகிறது, அடுத்தது ஓங்கி அடிக்கிறது. அந்த அடிதான் தொண்டை வரை தெரிகிறது. நல்ல இதயத்திலும் வரும். இதற்காகக் காபியைக்கூட அடியோடு விட வேண்டாம்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரிதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. ஓடும்போது விழுந்திருக்கிறீர்கள். சாதாரண மயக்கம் பெரும்பாலும் நின்றுகொண்டிருக்கும்போது வரும். முதலில் வியர்க்கும், குமட்டும், கண் இருட்டும், எதையாவது பிடித்துக்கொண்டு உட்கார நேரம் கிடைக்கும். ஓட்டத்தின் நடுவில் சட்டென்று விழுவது வேறு விஷயம். கூடவே சித்தப்பாவின் மரணம். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு பசி மயக்கம் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்.

ஈசிஜி தாளில் பதிவாவது 10 நொடி. இதயமோ ஒரு நாளில் சுமார் 1 லட்சம் முறை துடிக்கிறது. தாளக்கோளாறு அந்த 10 நொடியில் வராவிட்டால் எப்படித் தெரியும்? அதற்குத்தான் 24 அல்லது 48 மணி நேர ஹோல்டர், அதாவது உடம்பில் மாட்டிக்கொண்டே நடமாடும் சின்ன ஈசிஜி கருவி. எம்ஆர்ஐயால் துடிப்பின் கோளாறைப் பிடிக்க முடியாது. அதற்கு இடம் கொடுக்கும் தசையைக் காட்டும். காடோலினியம் மருந்தை ஏற்றி எடுத்தால் கறுப்பான தசைக்குள் தழும்பு வெள்ளையாகத் தெரியும். அந்தத் தழும்பைச் சுற்றித்தான் மின்னோட்டம் வழிதவறிச் சுழலும். இதய நுனியில் மட்டும் தசை தடித்திருப்பதும், வலது கீழறையின் ஆரம்பகட்டக் கோளாறும் எக்கோவில் தப்பிவிடலாம். ஆகவே உங்களுக்கு எம்ஆர்ஐ தேவைப்படும் என்றே நினைக்கிறேன். ஆனால் அது சுத்தமாக வந்தாலும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். ஈசிஜியில் க்யூடி என்ற இடைவெளி (கீழறைகள் மின்தூண்டல் பெற்று மறுபடி தயாராகும் நேரம்) நீளும் கோளாறில் இதயத்தின் உருவம் அப்பழுக்கில்லாமல் இருக்கும், ஈசிஜிதான் காட்டிக்கொடுக்கும்.

அந்த மாத்திரையை இனித் தொடாதீர்கள். வீசிங் உள்ளவர் போட்டிருந்தால் மூச்சே திணறியிருக்கும். ஹோல்டரில் வர வேண்டிய துடிப்பையும் அது மறைத்துவிடும். கடைக்காரர் கேட்டதைக் கொடுத்துவிடுவார். உங்கள் இதயத்தை அவர் பரிசோதிக்கவில்லை.

இந்த வாரமே இதயநோய் நிபுணரைப் பாருங்கள். முடிந்தால் இதயத் துடிப்புக் கோளாறுகளையே பார்ப்பவரை. அதுவரை ஓட்டம், ஜிம் எதுவும் கூடாது. மறுபடி மயங்கினால் உடனே 108. பழைய ஈசிஜி தாளையே எடுத்துப் போங்கள், ‘நார்மல்’ என்ற ரிப்போர்ட் மட்டும் போதாது. விழுந்ததை நேரில் பார்த்தவரையும் கூட்டிப்போங்கள். எத்தனை நொடி கிடந்தீர்கள், முகம் வெளுத்ததா, கை கால் வெட்டியதா என்பதை அவரால்தான் சொல்ல முடியும்.