கன்ட்ரோல் பி அழுத்தினால் பிரிண்ட் வரவில்லையே!

கேள்வி: மாட்டுங்காவில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடையில் வேர்டில் டைப் செய்கிறேன். ஒரே பத்திரிகையில் தமிழ், மராத்தி, இங்கிலீஷ் மூன்றும் வரும். வரிக்கு வரி மவுஸைப் பிடித்து ஃபான்ட் மாற்றி மணிக்கட்டு வலிக்கிறது. மணமக்கள் பெயருக்கு ஒரு ஸ்டைல் (ஃபான்ட், சைஸ் எல்லாம் சேர்ந்த தொகுப்பு) செய்து, கன்ட்ரோல் பி என்று ஷார்ட்கட் வைத்தேன். இப்போது பிரிண்ட் எடுக்கப் போனால் எழுத்துதான் பெரிதாகிறது. அடுத்த ஃபைலிலோ அந்த ஷார்ட்கட்டே இல்லை. என்ன செய்ய?
- ஒரு வாசகர், தாராவி

பதில்: தம்பி, இரண்டுக்கும் விடை ஒரே ஜன்னலில் இருக்கிறது. ஃபைல், ஆப்ஷன்ஸ், கஸ்டமைஸ் ரிப்பன் போய், அடியில் கீபோர்டு ஷார்ட்கட்ஸ் பக்கத்திலுள்ள பட்டனை அழுத்துங்கள். அங்கே புது விசைகளை அழுத்தியதும் 'கரன்ட்லி அசைன்டு டு' என்று ஒரு வரி வரும். அந்த விசை ஏற்கெனவே யாருக்கு வாக்கப்பட்டிருக்கிறது என்று வேர்டு சொல்வது அங்கேதான். அதைப் படிக்காமல் அசைன் கொடுத்தால் பழைய வேலை போய்விடும். ஆல் கமாண்ட்ஸ் பிரிவில் ஃபைல்பிரிண்ட் என்ற பிரிண்ட் கட்டளையைத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல் பியை அதற்கே திருப்பிக் கொடுங்கள்.

அதே ஜன்னலில் 'சேவ் சேஞ்சஸ் இன்' என்ற பெட்டியில் அந்த ஒரு ஃபைலின் பெயரை வைத்திருந்திருப்பீர்கள். அதனால்தான் வேறு ஃபைலில் ஷார்ட்கட் இல்லை. பத்திரிகைக்கென்று ஒரு டெம்ப்ளேட் (மாதிரி ஃபைல்) செய்து, ஸ்டைலையும் ஷார்ட்கட்டையும் அதிலேயே சேமியுங்கள். புதுப் பத்திரிகை ஒவ்வொன்றையும் அதிலிருந்து திறந்தால் இரண்டும் கூடவே வரும்.

விசையை வெறும் ஃபான்ட்டோடு கட்டாமல் ஸ்டைலோடு கட்டியது நல்ல காரியம். ஃபான்ட், சைஸ், நடுவில் நிறுத்துவது எல்லாம் ஒரே அழுத்தலில் முடியும். பெண் வீட்டார் கடைசி நேரத்தில் "பெயர் இன்னும் பெரிசா வேணும்" என்றால் ஸ்டைலைத் திருத்தினால் போதும். சயானில் டிடிபி கடை வைத்திருந்தபோது இது தெரியாமல் ராத்திரியெல்லாம் வரிவரியாக மாற்றியிருக்கிறேன். அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். ஒன்று கவனியுங்கள்: தமிழும் மராத்தியும் வேர்டுக்குக் 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்'. ஃபான்ட் ஜன்னலில் அதற்கென்று தனிக் கட்டம், தனி சைஸ். மேலே உள்ள கட்டத்தை மட்டும் மாற்றினால் இங்கிலீஷ்தான் மாறும். ஒரு ஸ்டைலில் அந்தக் கட்டத்துக்கு ஒரு ஃபான்ட்தான் கொடுக்க முடியும். ஆகவே தமிழுக்கு லதா வைத்து ஒரு ஸ்டைல், மராத்திக்கு மங்கள் வைத்து இன்னொன்று.

விசை தேர்ந்தெடுக்கும்போது கன்ட்ரோல் ஆல்ட் 1, 2, 3 பக்கம் போகாதீர்கள், அவை ஹெடிங் ஸ்டைல்களுக்கு உரியவை. 4-ஐயும் விடுங்கள். இங்கிலீஷ் இந்தியா கீபோர்டில் வலது ஆல்ட்டும் 4-உம் சேர்ந்தால் ₹ வரும். அந்தக் கீபோர்டில் வலது ஆல்ட் என்றாலே விண்டோஸுக்குக் கன்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்ந்ததுதான். அதை ஸ்டைலுக்குக் கொடுத்துவிட்டால் அந்த டெம்ப்ளேட்டிலிருந்து திறக்கும் ஃபைல்களில் அந்த விசைக்கு ரூபாய்க் குறி வராது. 7, 8, 9 அழுத்திப் பாருங்கள். 'அன்அசைன்டு' என்று வந்தால் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.