வெளிநாட்டில் விளையாட்டுப் படிப்பு: எங்கே, யார் பணத்தில்? – கேள்வி பதில்

விளையாட்டு சார்ந்த டிகிரிக்காக வெளிநாடு போக நினைப்பவர்களின் கேள்விகளுக்கு இன்று பதில் சொல்கிறேன். ஸ்போர்ட்ஸ் சயின்ஸ், ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட் இரண்டும் எனக்குத் தெரிந்த துறைகள்.

கேள்வி: ஸ்போர்ட்ஸ் சயின்ஸுக்கு உலகத்திலேயே பெஸ்ட் யுனிவர்சிட்டி எது? அங்கேயே அப்ளை பண்ணிடலாம்னு இருக்கேன்.

பதில்: இங்கிலாந்தின் லஃப்பரோ. க்யூஎஸ் தரவரிசையின் விளையாட்டுப் பிரிவில் பல ஆண்டுகளாக அதுதான் முதலிடம். ஆனால் தரவரிசையிலிருந்து தொடங்காதீர்கள். படித்து முடித்து என்ன வேலைக்குப் போகப் போகிறீர்கள் என்று முதலில் எழுதி வையுங்கள், அந்த வேலைக்கு யாருடைய அங்கீகாரம் வேண்டும் என்று பாருங்கள், கல்லூரி அதற்கு அப்புறம். பிசியோ ஆக ஆசைப்பட்டு ஸ்போர்ட்ஸ் சயின்ஸில் போய்ச் சேருகிறார்கள். பிரிட்டனில் பிசியோதெரபிஸ்ட் என்று சொல்லிக்கொள்ளவே எச்சிபிசி என்ற மருத்துவத் துணைத்தொழில் ஒழுங்குமுறை அமைப்பின் பதிவு வேண்டும், அங்கே படிப்பவருக்கு அந்தப் பதிவு கிடைக்க அவர்கள் ஒப்புதல் கொடுத்த பிசியோதெரபி படிப்புதான் வேண்டும் என்பது கடைசி வருடத்தில்தான் தெரியவருகிறது. ஆஸ்திரேலியாவில் எக்சர்சைஸ் பிசியாலஜிஸ்ட் (உடற்பயிற்சி வழியே சிகிச்சை தருபவர்) ஆவதற்கு எஸ்ஸா என்ற அந்தத் துறை அமைப்பின் அங்கீகாரம் பெற்ற படிப்பு வேண்டும். ஐரோப்பாவில் கால்பந்துக் கோச் ஆக யூஇஎஃப்ஏ (ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பு) லைசென்ஸ் வேண்டும். அதைக் கொடுப்பது அந்தந்த நாட்டுக் கால்பந்துச் சங்கம், டிகிரியோடு தானாக வந்துவிடாது.

கேள்வி: ஜெர்மனியில் எல்லாம் இலவசம் என்கிறார்களே?

பதில்: பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை, செமஸ்டர் பங்களிப்பு மட்டும் கட்ட வேண்டும். விதிவிலக்கும் உண்டு. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் கட்டணம் வைத்துவிட்டது. கட்டணம் இல்லாத இடத்திலும் விசாவுக்குச் செலவுப் பணம் காட்ட வேண்டும். பிளாக்ட் அக்கவுண்ட், அதாவது மாதம் இவ்வளவுதான் எடுக்கலாம் என்று முடக்கிவைக்கும் வங்கிக் கணக்கு என்றால் வருடத்துக்கு 11,904 யூரோ, அதிலிருந்து மாதம் 992 யூரோ எடுக்கலாம். அது உங்கள் பணம்தான், உங்களுக்கே திரும்பி வருகிறது. ஆனால் கிளம்பும்போதே கையில் இருக்க வேண்டும்.

விளையாட்டுக்கென்றே இருப்பது கொலோன் நகரத்து ஜெர்மன் விளையாட்டுப் பல்கலைக்கழகம். அங்கே இளங்கலைக்கு ஜெர்மன் மொழி வேண்டும், அதோடு உடல்தகுதித் தேர்வும் உண்டு: நீச்சல், தடகளம், ஜிம்னாஸ்டிக்ஸ், குழு விளையாட்டு எல்லாம் சேர்ந்தது. ஒரே விளையாட்டில் கில்லாடியாக இருந்தால் போதாது. நீச்சல் தெரியாதவர்கள் மொழி வகுப்போடு நீச்சல் வகுப்பிலும் இப்போதே சேருங்கள்.

கேள்வி: பிரிட்டனில் மாஸ்டர்ஸ் சேரப் போகிறேன். நான் லைசென்ஸ் உள்ள கோச். வார இறுதியில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து அடுத்த தவணை ஃபீஸைக் கட்டிவிடலாம் என்று திட்டம்.

பதில்: இந்தத் திட்டத்தை இன்றே விட்டுவிடுங்கள். பிரிட்டன் மாணவர் விசாவில் தொழில்முறை விளையாட்டு வீரராகவோ கோச்சாகவோ வேலை செய்யக் கூடாது. சுயதொழிலும் கூடாது, அதனால் ஜிம்மில் தனியாக ஆள் பிடித்துப் பயிற்சி கொடுப்பதும் போச்சு. பட்டப்படிப்பு மாணவர்களுக்குப் பாட நாட்களில் வாரம் 20 மணி நேர வேலைக்கு அனுமதி உண்டு, கடையிலோ நூலகத்திலோ வேலை பார்க்கலாம். படிப்பின் பகுதியாக மதிப்பெண்ணோடு வரும் பிளேஸ்மென்ட்டில் கோச்சிங் செய்யவும் இடமிருக்கிறது. விளையாட்டு மாணவர்கள் மாட்டிக்கொள்வது இந்த விதியில்தான், ஏனென்றால் தெரிந்த தொழிலைத்தானே செய்கிறோம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

கேள்வி: பேட்மின்டனில் மாநில அளவில் ஆடியிருக்கிறேன். அமெரிக்காவில் ஃபுல் ஸ்காலர்ஷிப்போடு ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட் கிடைக்குமா?

பதில்: விளையாட்டு ஸ்காலர்ஷிப்பும் விளையாட்டுப் படிப்பும் வேறு வேறு. அணியில் ஆடுவதற்குப் பணம் கிடைத்தால் கணக்கியல்கூடப் படிக்கலாம். பேட்மின்டன், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் விளையாட்டுகளில் இல்லை, கிரிக்கெட்டும் இல்லை. டென்னிஸ், நீச்சல், தடகளம் போன்றவற்றில் ஆடுபவர்களுக்குத்தான் அந்த வழி. அதிலும் அந்த அமைப்பின் மூன்று கல்லூரிப் பிரிவுகளில் டிவிஷன் ஒன்று, இரண்டு மட்டுமே விளையாட்டுக்காகப் பணம் தரும், மூன்று தராது, ஹார்வர்ட், யேல் போன்ற ஐவி லீக் கல்லூரிகளும் தராது. பல விளையாட்டுகளில் இருக்கிற தொகையை அணிக்குள் பிரித்துத்தான் கொடுப்பார்கள். பள்ளியில் 16 முக்கியப் பாடங்களைக் கணக்கில் எடுப்பார்கள், டிவிஷன் ஒன்றுக்குக் குறைந்தது 2.3 ஜிபிஏ (நான்குக்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி) வேண்டும். காயம்பட்டால், கோச் மாறினால் அடுத்த வருடம் பணம் தொடருமா என்பதைக் கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தில் படித்துப் பாருங்கள். உங்களைப் பொறுத்தவரை மதிப்பெண்ணுக்குத் தரும் ஸ்காலர்ஷிப்பைத் தேடுவதுதான் வழி.

கேள்வி: எந்த நாட்டில் ஃபுல் ஸ்காலர்ஷிப் ஈஸியாகக் கிடைக்கும்?

பதில்: எங்கும் ஈஸி இல்லை. பிரிட்டன் அரசின் செவனிங் ஸ்காலர்ஷிப் முதுகலைக்கு மட்டும், இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும், முடித்ததும் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும். பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் முதுகலைக்கான ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டஸ் ஸ்காலர்ஷிப்பில் மாதம் 1,400 யூரோ கிடைக்கும், படிப்புப் பட்டியலில் விளையாட்டு சார்ந்தவை இருக்கின்றனவா என்று அந்தந்த ஆண்டு பாருங்கள்.

கேள்வி: நீங்கள் சும்மா பயமுறுத்துகிறீர்கள். என் சீனியர் பிரிட்டனில் இரண்டு வருடம் கோச்சிங் செய்தார், கையில் காசு வாங்கினார், ஒன்றும் ஆகவில்லை.

பதில்: ஒன்றும் ஆகாதவர்கள் மட்டுமே இப்படி வந்து சொல்வார்கள். விசா ரத்தானவர் வெளியே பேசமாட்டார். ரத்தானால் படிப்பு பாதியில் நிற்கும், கட்டிய ஃபீஸ் போகும், அடுத்த விசா விண்ணப்பத்திலும் அதைச் சொல்லியாக வேண்டும். குடும்பமே கடன் வாங்கி அனுப்பிய ஒருவரிடம் “தைரியமாகச் செய்” என்று என்னால் சொல்ல முடியாது.

கேள்வி: காசு வாங்காமல் கோச்சிங் கொடுத்தால்? நான் கிளப்பில் ஆடவும் நினைக்கிறேன்.

பதில்: நல்ல கேள்வி, இதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். காசு வாங்கவில்லை என்பது மட்டும் காப்பாற்றாது. என்ன தரத்து விளையாட்டு, நீங்கள் இதுவரை அதில் பிழைத்தவரா, இனி பிழைக்க நினைப்பவரா என்பதையும் பார்ப்பார்கள். பல்கலைக்கழக அணியில் பொழுதுபோக்காக ஆடுவதில் சிக்கல் இல்லை. அரைத் தொழில்முறை கிளப் கூப்பிட்டால், சேர்வதற்கு முன் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்திடம் எழுத்தில் கேளுங்கள். அமெரிக்காவிலும் இதே சுவர் உண்டு. உள்ளூர் வீரர் விளம்பரத்தில் சம்பாதிப்பார், எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் அதே விளம்பரத்துக்குக் காசு வாங்கினால் விசாவுக்கே ஆபத்து.

கேள்வி: கோச்சிங் இல்லை, யோகா வகுப்பு எடுக்கலாமா?

பதில்: தனியாக ஆள் சேர்த்து எடுத்தால் அதுவும் சுயதொழில். மேலே சொன்ன பதிலைப் படியுங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் எக்சர்சைஸ் சயின்ஸ் முடித்தால் மூன்று வருடம் வேலை செய்யலாமா?

பதில்: பாடப்பெயரை வைத்துச் சொல்ல முடியாது. பல்கலைக்கழகம் விசாவுக்காகத் தரும் ஐ-20 படிவத்தில் சிஐபி என்று ஒரு பாடப்பிரிவு எண் இருக்கும். 26 என்று தொடங்கினால் உயிரியல் பிரிவு, ஸ்டெம் எனப்படும் அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதப் படிப்புகளின் பட்டியலில் வரும், ஓபிடி எனப்படும் 12 மாத வேலை அனுமதியோடு இன்னும் 24 மாதம் கேட்கலாம். ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட் 31.0504, ஸ்டெம் இல்லை. ஒரே மாதிரிப் படிப்பை ஒரு பல்கலைக்கழகம் 26-லும் இன்னொன்று 31-லும் வைத்திருக்கும். சேருவதற்கு முன்பே மின்னஞ்சலில் அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: முழங்கால் தசைநார் கிழிந்திருக்கிறது, கொலோன் தேர்வு எழுதலாமா?

பதில்: மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: ஃபுல் ஸ்காலர்ஷிப் எங்கே கிடைக்கும் சார்?

பதில்: மேலே இருக்கிறது.

கேள்வி: ஏஜென்ட் நூறு சதவீதம் ஸ்காலர்ஷிப் உறுதி என்கிறார். முன்பணம் கேட்கிறார். வெள்ளிக்கிழமை கடைசி நாளாம்.

பதில்: கொடுக்காதீர்கள். உறுதி கொடுக்கும் அதிகாரம் எந்த ஏஜென்ட்டுக்கும் இல்லை, பல ஏஜென்ட்டுகளுக்குப் பல்கலைக்கழகமே கமிஷன் தருகிறது. ஸ்காலர்ஷிப் கடிதம் பல்கலைக்கழகத்தின் சொந்த முகவரியிலிருந்து உங்கள் பெயருக்கு வர வேண்டும், எத்தனை வருடத்துக்கு, எந்த மதிப்பெண் வரை என்று அதில் இருக்க வேண்டும். டெபாசிட்டைப் பல்கலைக்கழகக் கணக்குக்கே கட்டுங்கள், விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்பி வரும் என்பதை எழுத்தில் வாங்கிய பிறகு. வெள்ளிக்கிழமைக்குள் அந்தப் பதில் வரவில்லையென்றால் அடுத்த சேர்க்கைக்குப் போடுங்கள்.