சிஇ, பிஇ படிக்க ஒன்றரை லட்சமா?

மூன்றாம் ஆண்டு பி.காம். படிக்கும் மகன் நாள் முழுக்க சிஇ, பிஇ, ஓடிஎம், ஓஐ என்றே பேசுகிறானாம். பங்குச் சந்தையில் ஆப்ஷன் டிரேடிங் செய்யக் கற்றுத்தரும் வகுப்பில் சேர ஒன்றரை லட்சம் கேட்கிறான். ‘பையனுக்கு மூளை இருக்குக்கா, நகையை வைத்தாவது கட்டிவிடு’ என்கிறார் தாய்மாமன். என்ன செய்வது என்று அந்த அம்மா கேட்கிறார்.

பயப்படாதீர்கள் அம்மா, அவனுடைய ஆர்வத்தில் தப்பில்லை. ஆனால் அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். உங்கள் தம்பியிடமும் இதை நேராகவே சொல்லிவிடுங்கள்.

அந்தச் சுருக்கங்களுக்குப் பின்னால் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. சிஇ என்றால் கால் ஆப்ஷன், குறித்த விலையில் வாங்கும் உரிமை; பிஇ என்றால் புட், குறித்த விலையில் விற்கும் உரிமை. நிஃப்டி என்ற பங்குச் சந்தைக் குறியீடு 24,500-இல் நிற்கும்போது 24,000 சிஇ ஐடிஎம், அதாவது அந்த விலையில் வாங்கினால் லாபம்; 25,000 சிஇ ஓடிஎம், அதாவது அந்த விலையில் வாங்கினால் லாபமில்லை. ஓஐ என்பது இன்னும் முடிக்கப்படாமல் நிற்கும் ஒப்பந்தங்களின் எண்ணிக்கை. ஒரு வாரம் உட்கார்ந்தால் வந்துவிடும். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி தொடங்கிய நிஸ்ம் என்ற பயிற்சி நிறுவனத்தின் தளத்தில் பாடநூலே இலவசமாகக் கிடைக்கிறது. சரி, கற்றபின் சம்பாதிக்கலாமே என்றால், 2021-22 முதல் 2023-24 வரை எஃப் அண்ட் ஓ-வில், அதாவது ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன் வியாபாரத்தில் இறங்கிய தனிநபர்களில் 93% பேர் நஷ்டப்பட்டார்கள் என்று செபியின் 2024 செப்டம்பர் ஆய்வு சொல்கிறது. இதைப் பிழைப்பாக நம்பி நகையை அடகு வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

சி.ஏ., எம்.பி.ஏ. பற்றி உறவினர்களே வேண்டிய அளவு சொல்லியிருப்பார்கள். யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்: புரோக்கர் நிறுவனங்களின் ஆபரேஷன்ஸ், ரிஸ்க் பிரிவுகள்.

ஒருவர் பட்டனைத் தட்டி வாங்கியதும் வேலை முடிந்துவிடுவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது. 2023 ஜனவரியிலிருந்து பங்குச் சந்தை முழுக்க டி+1 முறையில் இயங்குகிறது. இன்று வாங்கிய பங்கு அடுத்த வேலை நாளே டீமேட் கணக்குக்கு வந்தாக வேண்டும். விற்றவர் பங்கைத் தரவில்லையென்றால், ஏலத்தில் வாங்கித்தான் கொடுக்க வேண்டும். ஆப்ஷன் விற்றவரின் கணக்கில் நஷ்டத்தை ஈடுகட்டும் பிணைத்தொகைகளான ஸ்பான் மார்ஜினும் எக்ஸ்போஷர் மார்ஜினும் இருக்கின்றனவா என்று சந்தை நேரம் முழுக்கக் கண்காணிக்க வேண்டும். தனிப் பங்குகளின் ஆப்ஷன் ஐடிஎம்-இல் காலாவதியானால் முழுப் பணம் கட்டிப் பங்கையே வாங்கவோ, பங்கையே கொடுக்கவோ வேண்டும். பணம் கையில் இல்லாத வாடிக்கையாளரை அதற்கு முன்பே எச்சரிக்க ஓர் ஆள் வேண்டுமே! ஒரு நிறுவனம் ஒரு பங்குக்கு ஒரு பங்கு இலவசம் என்று 1:1 போனஸ் அறிவித்தால், ஆப்ஷனில் குறித்த விலையான ஸ்டிரைக் 1,000 ரூபாயிலிருந்து 500 ஆகும், ஓர் ஒப்பந்தத்தில் உள்ள பங்குகளின் எண்ணிக்கையான லாட் 500-இலிருந்து 1,000 ஆகும். மறுநாள் காலை, ‘என் ஆப்ஷன் எங்கே?’ என்று போன் வரும். அதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவருக்குத்தான் அங்கே மதிப்பு.

இதற்கான வாசல், நிஸ்ம் சீரிஸ் 7, அதாவது செக்யூரிட்டீஸ் ஆபரேஷன்ஸ் அண்ட் ரிஸ்க் மேனேஜ்மென்ட் தேர்வு. நூறு கேள்விகள், இரண்டு மணி நேரம், 50 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பார்கள், அதனால் குருட்டாம்போக்கில் எழுதக்கூடாது. புரோக்கர் நிறுவனத்தில் முதலீட்டாளர் பணத்தையும் பங்கையும் கையாள்பவர்கள், புகார்களைத் தீர்ப்பவர்கள், ரிஸ்க் பார்ப்பவர்கள் ஆகியோருக்கு இந்தச் சான்றிதழ் கட்டாயம். கல்லூரியை விடாமலேயே எழுதலாம்.

ஆனால் ஒன்று. கணக்கு ஒரு பைசா உதைத்தாலும் ஏன் என்று தேடுகிற குணம் அவனுக்கு இருக்கிறதா? இல்லை, சார்ட்டில் மேலும் கீழும் போகும் கோடுதான் பிடித்திருக்கிறதா? நீங்களோ மாமாவோ இதற்குப் பதில் சொல்லக்கூடாது. அந்தத் தேர்வுக்கான பாடநூலில், பணமும் பங்கும் கைமாறுவதைச் சொல்லும் செட்டில்மென்ட் பகுதியை அவனே படிக்கட்டும். கொட்டாவி வந்தால் இந்த வேலைக்கும் தள்ளாதீர்கள், வேறு வழி பார்ப்போம்.

அதுவரை வீட்டுப் பணத்திலோ கடன் வாங்கியோ அவன் ஆப்ஷனில் கை வைக்கக்கூடாது. சொந்தச் சம்பளம் வந்தபின் அவன் பாடு. அப்புறம், புரோக்கர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள் சொந்தக் கணக்கில் வாங்கி விற்கக் கட்டுப்பாடுகள் உண்டு. சேரும் நாளிலேயே அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள்.