புதியவரிடம் முதல் நாள் என்ன சொல்வது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எட்டு வருடங்களாகக் காவல் பணியில் இருக்கிறேன். பயிற்சிப் பள்ளியை முடித்து வரும் புதியவர்களை அடுத்த மாதம் முதல் என்னோடு ரோந்துக்கு அழைத்துப்போய்ப் பழக்க வேண்டும் என்று உத்தரவு. அதற்காக எங்களுக்கு மூன்று நாள் வகுப்பு வைத்தார்கள். ஓய்வுபெற்ற உயரதிகாரி ஒருவர் இரண்டு நாள் தன் அனுபவங்களைச் சொன்னார். மூன்றாம் நாள் சமூகப் பெரியவர்கள் நான்கு பேர் வந்து பேசினார்கள். மரியாதையாகக் கேட்டோம், கைதட்டினோம், அனுப்பிவைத்தோம். எனக்கு எதுவும் ஒட்டவில்லை.

நான் சேர்ந்தபோது என்னைப் பழக்கியவர் வண்டியில் ஏறியதும் சொன்ன முதல் வார்த்தை: "ஸ்கூல்ல படிச்சதையெல்லாம் இங்கேயே இறக்கி வச்சிடு. வேலை வேற." அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அவரிடம் கற்றதில் பாதியை மறக்க எனக்குப் பல வருடங்கள் ஆயின. மூத்தவர்கள் கற்றுக்கொடுப்பது என்பது பழைய தவறுகளைக் கைமாற்றுவது மட்டும்தானா? நான் அந்தப் புதியவரிடம் முதல் நாள் என்ன சொல்வது?

கே.

*

அன்புள்ள கே.,

உங்கள் கடிதத்தில் "பாதியை மறக்க" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். மீதிப் பாதியை இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்றுதானே அதற்கு அர்த்தம்? அதுவும் அதே மனிதரிடம் கற்றதுதான்.

நான் காவல் துறையைச் சேர்ந்த ஆள் இல்லை. ஆனால் மூத்த காவலர் ஒருவர் பாடம் நடத்தியதை ஒருமுறை நேரில் பார்த்திருக்கிறேன். என் அப்பா சாலை விபத்தில் இறந்த இரவு அது. அழைப்பு மணி அடித்தது, நான்தான் கதவைத் திறந்தேன். சீருடையில் இரண்டு பேர். முன்னால் நின்றவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், பின்னால் நின்றவன் என்னைவிடச் சின்னவன். பெரியவர் அப்பாவின் பெயரைச் சொல்லி இது அவர் வீடுதானா என்று உறுதி செய்துகொண்டார். பிறகு தொப்பியைக் கழற்றினார். பின்னால் நின்றவன் அவரை ஒரு கணம் பார்த்தான், தானும் கழற்றினான். "உள்ளே வந்து உட்காரலாமா?" என்று கேட்டார். அம்மா உட்காரும்வரை அவர் உட்காரவில்லை. உட்கார்ந்த பிறகு, அம்மாவின் முகத்தைப் பார்த்து, "விபத்து நடந்திருக்கும்மா. அவர் இறந்துட்டார்" என்றார்.

"கொஞ்சம் சீரியஸ்" என்று இழுக்கவில்லை. "ஆஸ்பத்திரிக்கு வாங்க, அங்கே பேசிக்கலாம்" என்று தள்ளிப்போடவும் இல்லை. வலித்திருக்குமா என்று அம்மா கேட்டபோது, "எனக்குத் தெரியலைம்மா. டாக்டரைக் கேட்டுச் சொல்றேன்" என்றார். நடுவில் ஒருமுறை அந்த இளைஞனைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். அவன் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தான். சொந்தக்காரர் ஒருவர் வந்து அம்மா பக்கத்தில் உட்காரும்வரை இருவரும் எங்கள் வீட்டில் இருந்தார்கள்.

இதெல்லாம் பயிற்சியில் உள்ளதுதான் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். சாவுச் செய்தியைத் தொலைபேசியில் சொல்லாமல் நேரில் போ. முடிந்தால் இரண்டு பேராகப் போ. "இறந்துவிட்டார்" என்ற சொல்லையே சொல். கேட்டவரைத் தனியாக விட்டுவிட்டு வராதே. கையேட்டில் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். அந்த இளைஞனும் பள்ளியில் அதைப் படித்துத் தேர்வு எழுதியிருப்பான். ஆனால் தொப்பியை எப்போது கழற்றுவது என்பதை அவன் எங்கள் வீட்டு வாசலில் வைத்துத்தான் கற்றான். அதை அவர் சொல்லிக்கொடுக்கவில்லை, செய்தார். இவன் பார்த்தான்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். தவறும் இதே வழியில்தான் கைமாறுகிறது. நீங்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

2020 மே 25 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவரின் கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்திய காவலர் டெரக் ஷோவின் 19 வருட அனுபவம் உள்ளவர். புதியவர்களுக்குக் களப்பயிற்சி தரும் அதிகாரியாகவும் இருந்தவர். அன்று ஃபிளாய்டைப் பிடித்துக்கொண்டிருந்த மற்ற இருவரும் முழுப் பொறுப்பேற்றுச் சில நாட்களே ஆனவர்கள். அவர்களில் ஒருவர் ஷோவினிடம் பயிற்சி பெற்றவர். இன்னொருவர், "இவரைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைக்கலாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றார் மூத்தவர். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டார். ஷோவின் முழங்காலை எடுக்கவில்லை. ஒன்பது நிமிடங்களுக்கு மேல் அழுத்தியபடியே இருந்தார். ஃபிளாய்ட் இறந்துபோனார். 2022இல் அந்த இரண்டு புதியவர்களையும் நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. மூத்தவர் சொன்னார் என்பது அவர்களைக் காப்பாற்றவில்லை.

அந்தக் கேள்வியை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். கேட்டவருக்குச் சரியானது தெரிந்திருக்கிறது. கைவிலங்கு போட்டவரைக் குப்புறப் போட்டு அழுத்தி வைத்தால் மூச்சு முட்டும், பக்கவாட்டில் திருப்ப வேண்டும் என்பது பள்ளியில் படித்த பாடம். அவரால் அதைக் கேள்வியாகக் கேட்கத்தான் முடிந்தது, கை வைத்துத் தடுக்க முடியவில்லை. படித்ததை இறக்கி வை என்று முதல் நாளே சொல்லப்படும் தொழிலில், இறக்கி வைத்ததை எந்த நிமிடத்தில் திரும்ப எடுப்பது என்று புதியவருக்கு எப்படித் தெரியும்?

விமானிகள் இந்தப் பாடத்தை மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்றார்கள். 1977இல் ஸ்பெயினின் டெனெரிஃப் தீவு விமான நிலைய ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். அனுமதி கிடைக்கும் முன்பே விமானத்தைக் கிளப்பிய கேப்டன், தன் நிறுவனத்தின் விமானிகளுக்கே பயிற்சி தரும் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். எதிரே இன்னொரு விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று விமானப் பொறியாளர் தயங்கித் தயங்கிக் கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அடித்துச் சொல்லிவிட்டார். அத்தனை பெரிய ஆசானிடம் இன்னொருமுறை எப்படிக் கேட்பது? இந்த மாதிரி விபத்துகளுக்குப் பிறகுதான் கீழே இருப்பவர் மேலே இருப்பவரைத் தடுப்பதை ஒரு திறமையாக வைத்து விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார்கள்.

காவல் துறைக்கு அது தாமதமாகத்தான் வந்தது. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் காவல் துறை 2016இல் 'எபிக்' என்ற பயிற்சியைத் தொடங்கியது. சக காவலர் தவறு செய்யப் போகும்போது குறுக்கே போய் எப்படி நிறுத்துவது என்பதுதான் பாடம். அதன் பின்னால் இருந்த உளவியலாளர் எர்வின் ஸ்டாப், சிறுவனாக ஹங்கேரியில் நாஜிகளிடமிருந்து தப்பிப் பிழைத்தவர். தீமை நடக்கும்போது சுற்றி நிற்பவர்கள் ஏன் சும்மா நிற்கிறார்கள் என்று வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தவர். அந்தப் பயிற்சியில் எனக்குப் பிடித்த விஷயம், குறுக்கிடும் பொறுப்பை இளையவரின் தைரியத்திடம் மட்டும் விட்டுவிடாதது. 'நான் தவறினால் என்னை நிறுத்து' என்ற அனுமதியை மூத்தவர் முன்கூட்டியே தர வேண்டும். மூத்தவராக இருப்பவர் செய்ய வேண்டிய முதல் வேலையே அதுதான் என்று நினைக்கிறேன்.

அப்புறம், நீங்கள் நேரில் சந்திக்கப் போகும் ஒரு சிக்கல் இருக்கிறது. உங்கள் கையில் மதிப்பெண் தாளும் இருக்கும். அமெரிக்காவில் பரவலாக உள்ள களப்பயிற்சி முறைக்கு முன்மாதிரி, 1970களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் உருவானது. பணியிலிருந்த ஒரு புதிய காவலர் ஏற்படுத்திய வாகன விபத்தில் ஓர் உயிர் போன பிறகு, அவருடைய பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். தகுதிக் குறைவு முன்பே தெரிந்திருந்தும் ஒழுங்காக எழுதி வைக்கப்படவில்லை. அதனால் ஒவ்வொரு நாளும் புதியவரை 1 முதல் 7 வரை மதிப்பிட்டு எழுதும் வழக்கம் வந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் மாலையில் மதிப்பெண் போடப் போகிறவரிடம், "சார், காலையில் அந்த வீட்டுக்குள் போகும்போது எனக்குக் கை நடுங்கியது" என்று எந்தப் புதியவர் சொல்வார்? பிற்பாடு நெவாடாவின் ரீனோவில் உருவான இன்னொரு முறையில், பழக்குபவர் வேறு, மதிப்பிடுபவர் வேறு என்று பிரித்தார்கள். உங்கள் நிலையத்தில் அப்படிப் பிரிக்க முடியாமல் போகலாம். அப்படியானால் எதை எழுதுவீர்கள், எதை உங்களுக்குள் வைத்துக்கொள்வீர்கள் என்பதையாவது முதலிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

ஓய்வுபெற்ற அதிகாரி பேசியது ஏன் ஒட்டவில்லை என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு. அவர் தான் ஜெயித்த வழக்குகளைச் சொல்லியிருப்பார். ஜெயித்த கதையில் கேட்பவருக்கு இடமே இருக்காது, உட்கார்ந்து வியக்கலாம், அவ்வளவுதான். கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் காவல் தலைவராக இருந்த ஆகஸ்ட் வால்மர் 1908லேயே தன் காவலர்களுக்குப் பள்ளி ஆரம்பித்தவர். அதைவிட முக்கியமானது அவர் நடத்திய வெள்ளிக்கிழமைக் கூட்டங்கள் என்பேன். காவலர்கள் உட்கார்ந்து மனதில் இருப்பதைத் திறந்து பேசுவார்கள், ஒருவரை ஒருவர் விமர்சிப்பார்கள், அதில் வால்மருக்கும் விலக்கு இல்லை. கல்லூரி மாணவனாக இருந்தபோதே அவரிடம் காவலராகச் சேர்ந்த ஓ. டபிள்யூ. வில்சன், பின்னாளில் சிகாகோ காவல் துறைக்கே தலைவரானார். உங்கள் வகுப்புக்கு வந்த அதிகாரியின் தொலைபேசி எண் இருந்தால் கூப்பிட்டு, "ஐயா, நீங்கள் தவறவிட்ட ஒரு வழக்கைச் சொல்லுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். முப்பது வருடங்களாக யாரும் கேட்காத கேள்வியாக அது இருக்கலாம்.

பெரியவர்கள் விஷயத்தில்தான் உங்களோடு எனக்குச் சண்டை. நால்வரை மேடையேற்றிப் பேசவிட்டு, கைதட்டி அனுப்பினால் ஒட்டாதுதான். அது அவர்கள் குறை இல்லை. பெரியவரிடம் இருப்பது மேடைப் பேச்சு இல்லை, தன் மக்களின் முகத்தைப் படிக்கிற அறிவு.

ஆஸ்திரேலியப் பழங்குடியினரில் பலருக்கு, அதிகாரத்தில் இருப்பவரைக் கண்ணுக்குக் கண் பார்க்காமல் இருப்பதுதான் மரியாதை. கேட்ட கேள்வி புரியாவிட்டாலும், கேட்பவர் மனம் கோணாமல் இருக்க "ஆமாம்" என்று சொல்வதும் உண்டு. பயிற்சிப் பள்ளியிலிருந்து நேராக வந்த இளைஞனுக்கு முதலாவது குற்ற உணர்ச்சியாகத் தெரியும், இரண்டாவது ஒப்புதல் வாக்குமூலமாகவே ஆகிவிடும். 1976இல் அந்நாட்டின் வடக்குப் பிரதேச உச்ச நீதிமன்றம், பழங்குடியினரை விசாரிக்கும் முறைக்கு 'அனுங்கா விதிகள்' என்று சிலவற்றை வகுத்தது. மொழிபெயர்ப்பாளர் வேண்டும். விசாரிக்கப்படுபவருக்கு நம்பிக்கையான ஒருவர் கூட இருக்க வேண்டும். பேசாமலிருக்கும் உரிமையைச் சொன்னால் மட்டும் போதாது, புரிந்ததைத் தன் வார்த்தையில் அவரைத் திருப்பிச் சொல்ல வைக்க வேண்டும். நீதிமன்றம்வரை போய் வந்த இந்த அறிவை ஒரு பெரியவர் ஒரு மதியத்தில் உங்களுக்குத் தந்திருப்பார், கேட்டிருந்தால்.

அதே நாட்டில் பழங்குடியினருக்காக 1999இல் போர்ட் அடிலெய்டில் நுங்கா நீதிமன்றமும், 2002இல் ஷெப்பர்டனில் கூரி நீதிமன்றமும் வந்தன. குற்றத்தை ஒப்புக்கொண்டவரை எதிரே உட்காரவைத்து, மாஜிஸ்திரேட்டோடு பழங்குடிப் பெரியவர்களும் பேசுவார்கள். தண்டனை தருவது மாஜிஸ்திரேட்தான். ஆனால் கூரி நீதிமன்ற மேசையில் உட்கார்ந்திருக்கும் பையனுக்கு அதிகக் கடினம், தன் பாட்டியைத் தெரிந்தவர் ஒருவர் கண்முன் இருந்து கேட்பதுதான். அந்த வார்த்தையின் எடை சட்டத்துக்குக் கிடையாது.

ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள். அந்தப் பெரியவர்களைத் தகவல் சொல்லும் ஆட்களாக மாற்றிவிடாதீர்கள். ஒருமுறை அப்படிப் பயன்படுத்திவிட்டால், அவருக்குத் தன் மக்களிடம் இருந்த மதிப்பு போய்விடும், உங்களுக்கும் அவரால் பயன் இல்லை. இன்னொன்று, அழைப்பது எப்போதும் அதே நான்கு பேராக இருந்தால், அவர்களில் எத்தனை பேர் பெண்கள் என்று பாருங்கள். இரவில் ஒரு வீட்டில் சண்டை என்று அழைப்பு வரும்போது, அந்த வீட்டுப் பெண் யாரிடம் வாய் திறப்பாள் என்பது தலைவர்களைவிட அங்குள்ள மூத்த பெண்களுக்குத் தெரியும். அவர்களை மேடைக்குக் கூப்பிட வேண்டாம். புதியவரை அழைத்துக்கொண்டு நீங்கள் அவர்கள் வீட்டுக்குப் போங்கள். புகார் எதுவும் இல்லாத ஒரு நாளில் போங்கள். அவர் பேசட்டும், நீங்கள் இருவரும் கேளுங்கள். நீங்கள் கேட்பதைப் புதியவர் பார்க்க வேண்டும், அது முக்கியம்.

முதல் நாள் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். வண்டியில் ஏறியதும், படித்ததை இறக்கி வைக்காதே, கையிலேயே வைத்துக்கொள் என்று சொல்லுங்கள். பிறகு இதையும் சொல்லுங்கள்: "எனக்குக் கோபம் வரும். அந்த நேரத்தில் நான் அளவு மீறினால் என் தோளில் கை வை. நான் விலகிக்கொள்வேன், நீ பார்த்துக்கொள்." சொன்னதோடு விடாமல், முதல் வாரத்திலேயே ஒரு சின்ன விஷயத்தில் அவர் உங்களைத் திருத்தும்படி நடந்துகொள்ளுங்கள். ஏதாவது ஒரு படிவத்தில் தவறு, ஒரு தெருவின் பெயரில் தவறு, எதுவாக இருந்தாலும் சரி. அவர் திருத்தும்போது, பக்கத்தில் இருப்பவர்கள் காதில் விழும்படி நன்றி சொல்லுங்கள். என்றாவது ஒரு நாள் அவர் கை உங்கள் தோளுக்கு வரும், அப்போது உடனே விலகிவிடுங்கள். நியாயம் யார் பக்கம் என்ற பேச்சை நிலையத்துக்குத் திரும்பிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.

மூன்று மாதம் கழித்து ஒரு கடிதம் எழுதுங்கள். அந்தக் கை எப்போது வந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

அன்புடன்.