விஎஸ் கோட் ஸ்னிப்பெட்: உங்கள் சந்தேகங்களும் பதில்களும்

கே: அடிக்கடி தேவைப்படும் கோடை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் போட்டு வைத்து காப்பி பேஸ்ட் செய்கிறேன். ஸ்னிப்பெட் எதற்கு அண்ணா?

ஸ்னிப்பெட் என்பது விஎஸ் கோட் எடிட்டரில் ஒரு சிறு பெயரை (பிரிஃபிக்ஸ்) அடித்துத் தேர்ந்தெடுத்தால் வந்து விழும் தயார் கோட் துண்டு. பேஸ்ட் செய்த பிறகு பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடி மாற்றுகிறீர்களே, அந்த வேலை மிச்சம். விழ வேண்டிய கோடை எழுதும் 'பாடி' பகுதியில் $1, $2 என்று எழுதிவிட்டால், டேப் தட்டத் தட்ட கர்சர் அந்தந்த இடத்துக்குப் போகும். $1-ஐ மூன்று இடத்தில் வைத்தால் ஒருமுறை அடிப்பது மூன்றிலும் விழும். கர்சர் கடைசியாக வந்து நிற்க $0. டெக்ஸ்ட்மேட் என்ற மேக் எடிட்டரின் பாணி இது. ஃபைல் பெயரைத் தரும் வேரியபிள் இன்றும் 'டிஎம்' என்று தொடங்குவது அதனால்தான்.

கே: பிஎச்பி ஸ்னிப்பெட் போட்டால் வேரியபிள்களின் டாலர் குறி மட்டும் காணாமல் போகிறது!

உங்கள் வேரியபிளை எடிட்டர் தன்னுடைய வேரியபிள் என்று நினைத்துக்கொள்கிறது. டாலருக்கு முன் பேக்ஸ்லாஷ் போடுங்கள், அதுவும் இரண்டு: \\$. ஒன்றை ஜேசான் (ஸ்னிப்பெட் ஃபைல் எழுதப்படும் வடிவம்) எடுத்துக்கொள்ளும், மற்றது ஸ்னிப்பெட்டுக்குப் போய்ச் சேரும்.

கே: மார்க்டவுன் ஃபைலில் பிரிஃபிக்ஸ் அடித்தால் ஒன்றுமே வரவில்லை.

அங்கே தானாக வரும் பரிந்துரை ஆஃப் ஆகியிருக்கும். கன்ட்ரோல் + ஸ்பேஸ் அடியுங்கள், வரும்.

கே: டீமில் எல்லோருக்கும் ஒரே ஸ்னிப்பெட் கிடைக்க வழி உண்டா சார்?

ப்ராஜெக்டின் டாட் விஎஸ்கோட் ஃபோல்டருக்குள் 'கோட்-ஸ்னிப்பெட்ஸ்' எக்ஸ்டென்ஷனில் ஒரு ஃபைல் வைத்து, டீம் கோடைப் பகிரும் கிட்டில் கமிட் செய்யுங்கள். பல ப்ராஜெக்டுகளில் அந்த ஃபோல்டரையே கிட்இக்னோரில் (கிட் சேர்க்காமல் விட வேண்டியவற்றின் பட்டியல்) போட்டிருப்பார்கள், முதலில் அதைப் பாருங்கள். எந்த மொழிக்கு என்பதை 'ஸ்கோப்'பில் குறிப்பிடலாம். உங்கள் சொந்த ஸ்னிப்பெட்டுகளை இதில் கலக்காதீர்கள். அவற்றை உங்கள் மற்ற கணினிகளுக்குக் கொண்டுபோவதை விஎஸ் கோடின் செட்டிங்ஸ் சிங்க் வசதி பார்த்துக்கொள்ளும். ஏபிஐ கீ, பாஸ்வேர்டு எதையும் இரண்டிலுமே வைக்க வேண்டாம்.

கே: டேட்டாபேஸ் கனெக்‌ஷன், ரீட்ரை, லாக் எல்லாம் சேர்த்து 40 வரி ஸ்னிப்பெட் வைத்திருக்கிறோம். அதில் டைம்அவுட்டை மாற்றினால் ஏற்கெனவே எழுதிய ஃபைல்களிலும் மாறுமா?

மாறாது. விழுந்த நிமிடமே ஸ்னிப்பெட்டுக்கும் அந்தக் கோடுக்கும் உறவு முடிந்தது. இப்போது உங்களிடம் இருப்பது அந்த 40 வரியின் பல பிரதிகள், அதிலும் ஆளுக்கொரு விதமாகக் கைவைத்த பிரதிகள். கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன்: இது ஸ்னிப்பெட்டில் இருந்திருக்கவே கூடாது. லூப், டெஸ்ட் ஃபங்ஷனின் கூடு, இம்போர்ட் வரிகள் மாதிரி வடிவம் மட்டும் திரும்பத் திரும்ப வருவதற்குத்தான் ஸ்னிப்பெட். நாளைக்கு மாறக்கூடிய லாஜிக் என்றால் அதற்கு இடம் ஃபங்ஷன்.

முதலில் அந்த 40 வரியை ஒரு மாட்யூலில் ஃபங்ஷனாக்கி, டைம்அவுட்டை அதற்குப் பாராமீட்டராகக் கொடுங்கள். பிறகு பிரதிகளில் யாரும் தொட்டிருக்க வாய்ப்பில்லாத ஒரு வரியை எடுத்து ப்ராஜெக்ட் முழுக்கத் தேடுங்கள். கிடைத்த இடங்களை ஒரே மூச்சில் ரீப்ளேஸ் செய்யாமல், ஃபைல் ஃபைலாக டிஃப் (என்ன வித்தியாசம் என்று) பார்த்து மாற்றுங்கள். யாரோ ஒருவர் ரீட்ரையை வேண்டுமென்றே எடுத்திருப்பார். பழைய ஸ்னிப்பெட்டின் பிரிஃபிக்ஸை அப்படியே வைத்துக்கொண்டு, பாடியில் மட்டும் இந்த ஃபங்ஷனை அழைக்கும் வரியைப் போட்டுவிடுங்கள். டீமில் யாருக்கும் கைப்பழக்கம் மாறாது.