ஓத மின்சாரம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: அலை மின்சாரமும் ஓத மின்சாரமும் ஒன்றுதானே?

ப: இல்லை. அலையை எழுப்புவது காற்று. ஓதத்தை, அதாவது கடல்மட்டம் தினமும் ஏறி இறங்குவதை, எழுப்புவது நிலவும் சூரியனும். அதனால் பத்து வருட ஓத அட்டவணையை இன்றே போட்டுவிடலாம். அலைக்கு அது நடக்காது.

கே: கழிமுகத்தில் ஏற்றவற்ற வேறுபாடு 2 மீட்டர். தடுப்பணை கட்டலாமா?

ப: மின்சாரம் வரும், கட்டுப்படியாகாது. கிடைக்கும் ஆற்றல், நீர்மட்ட வேறுபாட்டின் வர்க்கத்தோடு ஏறும். 1 சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பில் 8 மீட்டர் வேறுபாடு இருந்தால், அணை தேக்கிய நீர் ஒருமுறை வடிவதில் கோட்பாட்டளவில் சுமார் 89 மெகாவாட்-மணி. 2 மீட்டரில் 5.6 மட்டுமே. அணைச் செலவு அப்படிப் பதினாறில் ஒரு பங்காகச் சுருங்காது. பிரான்சின் ரான்ஸ் கழிமுகத்தில் 1966 முதல் 24 டர்பைன்கள் (தலா 10 மெகாவாட்) ஓடுவதற்குக் காரணம் அங்குள்ள சராசரி 8 மீட்டர் வேறுபாடு.

கே: நாள் முழுக்க மின்சாரம் கிடைக்குமா?

ப: கிடைக்காது. ஓதச் சுற்று 12 மணி 25 நிமிடம்; ஆகவே உற்பத்தி நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி உச்சம், அரைநிலா நாட்களில் சரிவு. ரான்ஸின் 240 மெகாவாட் ஆண்டுக்குத் தருவது சுமார் 500 ஜிகாவாட்-மணி, அதாவது முழுத்திறனில் கால்பங்கு. முன்கூட்டியே தெரியும் என்பதைச் சீராக வரும் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள்.

கே: அணையில்லாமல் நீரோட்டத்தில் டர்பைன் வைக்க எவ்வளவு வேகம் வேண்டும்?

ப: உச்ச வேகம் விநாடிக்கு 2 மீட்டருக்குக் கீழே என்றால் விட்டுவிடுங்கள், 2.5-க்கு மேல் நல்லது. இங்கே திறன் ஏறுவது வேகத்தின் கனத்தோடு (வேகம் × வேகம் × வேகம்). ஒரு சதுர மீட்டருக்கு 1 மீட்டர் வேகத்தில் அரை கிலோவாட், 2-இல் 4.1, 3-இல் 13.8. 16 மீட்டர் விட்டச் சுழலி அந்தத் திறனில் 40% பிடித்தால் 3 மீட்டர் வேகத்தில் 1.1 மெகாவாட் தரும். வேகம் பாதியானால் 140 கிலோவாட்கூட வராது. எனவே வேகத்தை 10% கூட்டி மதிப்பிட்டாலே திறன் கணக்கு 33% பொய்யாகும். பௌர்ணமியன்று படகிலிருந்து மேல்மட்ட வேகத்தை அளந்து திட்டம் போடுவதுதான் வழக்கமான தவறு. டாப்ளர் ஒலிமானியை (ஒலியை அனுப்பி நீரின் வேகத்தை அளக்கும் கருவி) கடலடியில் இறக்கி, குறைந்தது 30 நாள், சுழலி நிற்கப்போகும் உயரத்தின் வேகத்தைப் பதிவுசெய்யுங்கள். கடல்தரையருகே நீர் மெதுவாகத்தான் ஓடும்.

கே: எது முதலில் பழுதாகும்?

ப: சுழல்தண்டு வழியே நீர் புகாமல் தடுக்கும் சீல், கேபிள் இணைப்பு, பிறகு இதழ்கள். கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் 2009-இல் இறக்கிய டர்பைனின் இதழ்களை நீரோட்டம் முறித்தது. இதழில் ஒட்டும் கொட்டலசும் (ஓடுள்ள சிறு கடலுயிரி) திறனைத் தின்னும். பழுது பார்க்க ஓட்டம் அடங்கும் இடைவெளிதான் நேரம். பலமான ஓட்டமுள்ள இடத்தில் அது அரைமணியைத் தாண்டுவதே அரிது. ஆகவே கடலடியில் வைத்துப் பழுது பார்க்க நினைக்காமல், ஜெனரேட்டர் கூடு மட்டும் கழன்று மேலே வரும் வடிவமைப்பைக் கேளுங்கள்.