பந்திவிசாரணை

அன்புள்ள அக்காவுக்கு, ஸ்தோத்திரம்.

நான் தூத்துக்குடிப் பக்கம் ஒரு கிராம சபையைச் சேர்ந்தவள். தனியார் பள்ளி ஒன்றில் ஆசிரியை. ஒன்பது வருடமாக ஓய்வுநாள் பள்ளியில் பாடம் நடத்துகிறேன். மே மாதம் வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி, டிசம்பரில் வீடு வீடாகப் பாடிப் போகும் கீத பவனி, அசனம் என்கிற சபை விருந்துக்குக் காய் நறுக்குவது என்று எல்லாவற்றிலும் நிற்பேன். இந்த வருடம் எங்கள் ஆலயத்துக்கு முன்மண்டபம் கட்டினார்கள். பணம் தந்தவர்களின் பெயர்களைத் தொகையோடு பளிங்குக் கல்லில் வெட்டி வைத்தார்கள். பிரதிஷ்டை அன்று ஆராதனைக்கு நடுவிலேயே அவர்களுக்குச் சால்வை போட்டார்கள். மூன்று மாதம் சாயங்காலந்தோறும் கூலி வாங்காமல் செங்கல் சுமந்த பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கமிட்டியில் இருக்கிற ஒருவரிடம் இதைச் சொன்னேன். "நீ எவ்வளவு எழுதியிருக்க?" என்று திருப்பிக் கேட்டார். அன்றோடு மனது விட்டுப்போயிற்று. இப்படி முறுமுறுக்கிறோமே என்று குற்ற உணர்வும் இருக்கிறது. ஊழியத்திலிருந்து விலகிவிடலாமா அக்கா? பணம் இல்லாதவர்கள் கொடுப்பது கொடுப்பதில் சேராதா?

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

"எவ்வளவு எழுதியிருக்க?" என்ற கேள்வியை வாசித்ததும் என் ஆச்சியின் அடுப்படிதான் ஞாபகத்துக்கு வந்தது. தாத்தா பனையேறி. ஆச்சி பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி போடுவாள். பனை ஓய்ந்த மாதங்களில் வீட்டில் ஒரு வேளைதான் உலை கொதிக்கும். அந்த ஒரு வேளைக்கு அளந்த அரிசியிலிருந்தும் ஒரு பிடி எடுத்து, அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் தகர டப்பாவில் போட்டுவிட்டுத்தான் மீதியைக் களைவாள். பிடி அரிசி. வாரக் கடைசியில் சபைப் பெண்கள் இரண்டு பேர் ஓலைப்பெட்டியோடு வீடு வீடாக வந்து வாங்கிப் போவார்கள். எல்லார் வீட்டு அரிசியும் ஒரே பெட்டியில் விழும். குருணை, புழுங்கல், ரேஷன் அரிசி எல்லாம் கலந்துவிடும். யார் வீட்டுப் பிடி எது என்று அதற்கப்புறம் யாராலும் பிரிக்க முடியாது. ஆச்சியிடம் போய் "எவ்வளவு எழுதினீங்க?" என்று கேட்டிருந்தால் அவளுக்குக் கேள்வியே புரிந்திருக்காது.

இது நம் பக்கத்து வழக்கம் மட்டும் இல்லை. மிசோரமில் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910-இல் இதையே தொடங்கினார்கள். அவர்கள் மொழியில் இதற்குப் பெயர் 'பூஃபாய் தாம்'. சமைக்கிற ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி அரிசி தனியே போகும். ஞானஸ்நானம் பெற்று ஒரு தலைமுறைகூட ஆகாத, காசுப் புழக்கம் அதிகம் இல்லாத மலைக் கிராமங்கள் அவை. பணம் இல்லையே என்று அந்தப் பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. கையில் இருந்தது அரிசி, அதிலிருந்து கொடுத்தார்கள். இன்றைக்கு அந்தப் பிடி அரிசியிலிருந்து ஆண்டுதோறும் கோடிக்கணக்கான ரூபாய் சேர்ந்து ஊழியத்துக்குப் போகிறது. அத்தனைக்கும் ஆரம்பம் சமையல்கட்டுதான். அதனால் உங்கள் கடைசிக் கேள்விக்கு எனக்கு ஒரு நிமிஷம்கூட யோசிக்க வேண்டியிருக்கவில்லை. சேரும்.

அதே 1910-இல் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா அந்த வருடம் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் பேசினார். அப்போது அவருக்கு 35 வயது. அதற்கு 7 வருடம் முன்னால், 1903-இல், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவர் முக்கியமானவர். ஊழியர்கள் இந்தியர்கள், பணம் இந்தியர்களுடையது, நிர்வாகமும் இந்தியர்களுடையது என்பது அந்தச் சங்கத்தின் கொள்கை. பின்னால் 1912-இல் தோர்ணக்கல் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர். எடின்பரோ அரங்கில் இருந்தவர்களில் பெரும்பாலோர் மேல்நாட்டவர்கள். இந்தியாவுக்குக் கொடுத்துக் கொடுத்துப் பழகிய சங்கங்களின் ஆட்கள். அவர்களைப் பார்த்து அசரியா சொன்னதன் சாரம் இது: ஏழைகளுக்கு உணவளிக்க உங்கள் உடைமைகளைக் கொடுத்தீர்கள், உங்கள் உடலையே எரிக்கக் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்.

உங்கள் மண்டபத்தில் பதித்த கல்லைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் அந்தப் பேச்சுதான் எனக்கு முன்னால் வந்து நிற்கிறது. பெயரையும் தொகையையும் பக்கத்துப் பக்கத்தில் வெட்டி வைத்தால், கொடுத்தவர் ஒரு பக்கமும் வாங்கிக்கொண்ட சபை இன்னொரு பக்கமும் போய்விடுகிறது. நடுவில் நட்புக்கு இடம் இல்லை. பணம் அனுப்பியவர்கள் மேல் நீங்கள் கோபப்பட வேண்டாம் என்றும் சொல்வேன். அவர்களில் பலர் நம் கிராமத்துப் பஞ்சத்தில் வளர்ந்து, மிஷன் ஸ்கூலில் படித்து, மும்பையிலோ வளைகுடாவிலோ பாடுபட்டுச் சேர்த்த காசைத்தான் அனுப்பியிருப்பார்கள். ஊரில் அசனம் நடக்கிற அன்றைக்கு அங்கே தனியாக உட்கார்ந்து இங்கே ஃபோன் போட்டு, "கறி கொதிச்சிட்டா?" என்று கேட்கிறவர்களை எனக்குத் தெரியும். கல்லில் தொகையைப் போடுங்கள் என்று அவர்களில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? பெரும்பாலும் அது உள்ளூர்க் கமிட்டியின் யோசனையாகத்தான் இருக்கும்.

சரி, முறுமுறுப்புக்கு வருகிறேன். அதைப் பாவம் என்று எண்ணிப் பயப்படுகிறீர்கள். அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரத்தை இன்னொரு தரம் எடுத்து வாசியுங்கள். எருசலேம் சபையில் தினமும் விதவைகளுக்குச் சாப்பாடு பகிர்கிறார்கள். கிரேக்க மொழி பேசுகிறவர்களின் விதவைகள் விடுபட்டுப் போகிறார்கள். அந்தப் பக்கத்துக்காரர்கள் முறுமுறுக்கிறார்கள். நம் வேதாகமத்தில் அதே வார்த்தைதான் இருக்கிறது. அப்போஸ்தலர்கள் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. "நீ எவ்வளவு போட்டாய்?" என்று கேட்கவில்லை. சபையாரைக் கூட்டி, நற்சாட்சி பெற்ற ஏழு பேரை நீங்களே தெரிந்தெடுங்கள் என்றார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்னவர்களின் பக்கத்து ஆட்களிடமே பந்தியை ஒப்படைத்ததாகத்தான் எனக்குப் படுகிறது. பந்திவிசாரணை என்று நம் வேதாகமம் சொல்கிற அந்த வேலை ஒரு முறுமுறுப்பிலிருந்து பிறந்தது. யாரோ துணிந்து வாய் திறந்திராவிட்டால் அந்த விதவைகள் பட்டினியாகவே இருந்திருப்பார்கள்.

அதனால் உங்கள் குறையை மனதுக்குள் வைத்துப் புழுங்காமல் சபைக்கு முன்னால் வையுங்கள். தனியாகப் போகாதீர்கள். செங்கல் சுமந்த பெண்களையும் பெண்கள் ஐக்கிய சங்கத்தையும் கூட்டிக்கொண்டு குருவானவரிடம் போய்ப் பேசுங்கள். கல்லை உடைக்கச் சொல்ல வேண்டாம். இனிமேல் வைக்கிற கல்லில் 'சபையாரின் காணிக்கையாலும் உழைப்பாலும் கட்டப்பட்டது' என்ற ஒரு வரி போதும் என்று கேளுங்கள். மண்டபத்தின் வரவு செலவை ஆராதனை முடிவில் வாசிக்கச் சொல்லுங்கள். இது யார் மேலும் சந்தேகத்தால் கேட்பது அல்ல. இரண்டு காசு போட்ட விதவையின் கதையை மாற்கு 12-இல் சொல்லி, நம்மை இன்னும் கொடுக்கச் சொல்கிறார்கள். அதற்கு முந்தின வசனங்களில் இயேசு, விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறவர்களைப் பற்றி எச்சரிக்கிறார். இரண்டையும் ஒரே மூச்சில் வாசித்தால், ஏழையின் காசை வாங்குகிற சபைக்கு எவ்வளவு பயம் வேண்டும் என்று தெரியும்.

விலகிவிடலாமா என்று கேட்டீர்கள். விலக வேண்டாம், ஓய்வு எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் வேறு. ஒன்பது வருடம் ஒரே ஆள் ஓய்வுநாள் பள்ளியையும் கீத பவனியையும் காய் நறுக்குவதையும் தோளில் போட்டுக்கொண்டிருந்தால் பளிங்குக் கல் இல்லாவிட்டாலும் மனது விட்டுத்தான் போகும். ஒரு வருடம் உங்கள் வகுப்பை, உங்களிடமே படித்து வளர்ந்த பிள்ளைகள் இரண்டு பேரிடம் கொடுத்துப் பாருங்கள். தடுமாறுவார்கள், அப்புறம் பிடித்துக்கொள்வார்கள். நீங்கள் அந்த வருடம் பின் பெஞ்சில் உட்கார்ந்து பாட்டு மட்டும் பாடுங்கள்.

இன்னொன்று. இது உங்கள் கடிதத்தில் இல்லை, என் மனதில் நெடுநாளாகக் கிடப்பது. அசனத்துக்கு முந்தின ராத்திரி ஊரே கூடி இருக்கும். வெங்காயம் உரிக்கவும், தேங்காய் துருவவும், அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று துடுப்புப் போடவும் நீ நான் என்று ஆள் வரும். பரிமாற வாலிபர்கள் வாளியோடு ஓடுவார்கள். எந்த மதத்துக்காரர் வந்தாலும் இலை போடுவோம். நம் ஊர்களில் நான் மிகவும் நேசிக்கிற நாள் அது. ஆனால் பந்தி முடிந்து, வெயில் சாய்ந்த பிறகு, ஆலயத்துக்குப் பின்பக்கம் அடிப்பிடித்த அண்டாக்களைத் தேய்க்கிறவர்கள் யார் என்று பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்த சபைகளில் வருடா வருடம் அதே இரண்டு மூன்று வீட்டார்தான். மற்றவர்கள் அதற்குள் தூக்குவாளியில் சோறு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். நானும் பல வருடம் அப்படிப் போயிருக்கிறேன். செங்கல் சுமந்த பெண்களை நீங்கள் பார்த்ததுபோல, இவர்களை நான் பார்க்க இவ்வளவு காலம் ஆகிவிட்டது.

உங்கள் சபையில் அசனம் எந்தத் தேதி என்று எழுதுங்கள். நான் வருகிறேன். சாப்பிட்டு முடித்ததும் நீங்களும் நானும் சாம்பலும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போவோம்.

அன்புடன்,
அக்கா